திறந்தவெளி அடுப்பும் டிரெய்லர் முகாமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டிரெய்லரை இழுத்துச் சென்று முகாமிட்டுச் சமைப்பது குறித்து வந்த கடிதங்களில், ஒரே பொருளைப் பற்றியவற்றைச் சேர்த்து ஏழு கேள்விகளாகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய டிரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். உள்ளே இரண்டு பர்னர் கொண்ட எரிவாயு அடுப்பு நல்ல நிலையில் இருக்கிறது. வீட்டில் நான்கு பேர். வெளியே சமைப்பதற்கென்று தனியாக இன்னோர் அடுப்பு தேவையா? முதல் பயணத்துக்கு முன் வேறு என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: வெளி அடுப்பு தேவை, கடைகளில் முகாம் சமையலுக்கென்று அடுக்கி வைத்திருக்கும் மற்றவற்றில் பெரும்பகுதி இப்போதைக்குத் தேவையில்லை.

டிரெய்லருக்குள் சமைக்கும்போது எண்ணெய்ப் புகை மெத்தையிலும் திரைச்சீலையிலும் படிவது எல்லோரும் அறிந்ததுதான். பலர் கவனிக்காதது ஈரம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. பாத்திரத்திலிருந்து எழும் ஆவி இதற்கு மேல். குளிர்ந்த இரவில் ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரில் ஒரு பங்கு மாலையில் எரிந்த அடுப்பிலிருந்து வந்ததே. உள் அடுப்பை மழை நாளுக்கும் அதிகாலையில் வெந்நீர் வைப்பதற்கும் ஒதுக்கிவிட்டு, வதக்குவது, பொரிப்பது, நெடுநேரம் வேகவைப்பது ஆகியவற்றை வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

நான்கு பேருக்கு இரண்டு பர்னர் அடுப்பு போதும். வாங்கும்போது பர்னரின் வேகத்தைச் சொல்லும் எண்ணைவிட மூன்று விஷயங்களைக் கையால் சோதித்துப் பார்ப்பது நல்லது. உங்களிடம் உள்ள பெரிய பாத்திரங்கள் இரண்டையும் எடுத்துச் சென்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 25 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இரண்டு வாணலிகள் பல அடுப்புகளில் ஒன்றையொன்று இடிக்கும். அடுத்து, குமிழை மெல்லத் திருப்பித் தீயைக் குறைத்துப் பாருங்கள். சில அடுப்புகளில் முழுத் தீக்கும் அணைவதற்கும் நடுவே எதுவும் இருக்காது. அவற்றில் தண்ணீர் கொதிக்கும், ஆனால் எதையும் அடிப்பிடிக்காமல் வேகவைக்க முடியாது. மூன்றாவது, காற்றுத் தடுப்புத் தகடு. திறந்தவெளியில் தீயைத் தின்பது காற்றுதான். அசையாத காற்றிலேயே அடுப்பின் வெப்பத்தில் பாதியளவு பாத்திரத்துக்குப் போகாமல் வீணாகிறது. காற்று வீசும்போது வீணாகும் பங்கு இன்னும் பெருகி, எரிவாயு தீர்ந்தாலும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். மூன்று பக்கமும் மறைக்கும் தகடும் பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடியும் இருந்தால், அதிக வேகம் கொண்ட பர்னருக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

இவற்றோடு இடுப்பு உயரத்தில் ஆடாமல் நிற்கும் உலோக மேசை ஒன்று, மூடியுடன் பெரிய பாத்திரம் ஒன்று, கனமான அடிப்பாகம் கொண்ட வாணலி ஒன்று, தலையில் மாட்டும் விளக்கு, தீயணைப்பான். இவ்வளவுடன் முதல் பயணம் போய்வாருங்கள். எது குறைகிறது என்பது அடுப்படியில் நிற்கும்போது தானே தெரியும்.

கேள்வி: சிறிய டப்பாவில் வரும் எரிவாயுவால் இயங்கும் அடுப்பு வைத்திருக்கிறேன். பகலில் நன்றாக எரிகிறது. குளிர் காலையில் டப்பா பாதி நிறைந்திருந்தும் தீ சுருங்கிவிடுகிறது. அடுப்பில் கோளாறா?

பதில்: கோளாறு அடுப்பில் இல்லை, டப்பாவுக்குள் இருக்கும் வாயு எது என்பதில் இருக்கிறது. எரிவாயு டப்பாவில் திரவமாக இருக்கிறது. அது ஆவியானால்தான் பர்னருக்கு வரும். சாதாரண பியூட்டேன் ஏறத்தாழ −0.5 பாகை செல்சியஸிலும், ஐசோபியூட்டேன் −12 பாகையிலும், புரொப்பேன் −42 பாகையிலும் கொதிக்கின்றன. வெறும் பியூட்டேன் நிரப்பிய டப்பாவில், உறைநிலையை நெருங்கும் காலையில் வாயுவை வெளியே தள்ளும் அழுத்தமே இருக்காது. போதாததற்கு, ஆவியாகும் திரவம் தனக்குத் தேவையான வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால், அடுப்பு எரிய எரிய டப்பா மேலும் குளிர்கிறது. டப்பாவின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உறைபனி படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கலப்பு வாயு டப்பாக்களில் புரொப்பேன் முந்திக்கொண்டு அதிகமாக வெளியேறிவிடுவதால், புதிய டப்பா நன்றாக எரிந்து, அடியில் எஞ்சியது மட்டும் தகராறு செய்யும்.

இரவில் டப்பாவை டிரெய்லருக்குள் குளிர் படாத இடத்தில் வைப்பதும், சமைக்கும்போது வெதுவெதுப்புக்கும் குறைவான சூடுள்ள நீர் நிரம்பிய ஆழமற்ற தட்டில் நிறுத்துவதும் உதவும்; தட்டில் நிறுத்துவது அடுப்பிலிருந்து குழாயால் பிரிந்து நிற்கும் டப்பாவுக்கே பொருந்தும். தீக்கு அருகே வைத்துச் சூடாக்குவது கூடவே கூடாது. டப்பாவின் மீதே பர்னர் அமரும் அடுப்பைச் சுற்றிலும் தகட்டால் மூடிவிடுவதும், டப்பாவைப் பொருத்தும் அறை பர்னருக்குப் பக்கத்திலேயே அமைந்த அடுப்புகளில் அந்த அறையின் மேல் நீண்டு நிற்கும் அகலப் பாத்திரத்தை வைப்பதும் இதே ஆபத்தைத் தருபவை. வெப்பம் திரும்பி டப்பாவைத் தாக்கும்; டப்பா வெடித்த விபத்துகள் பல இப்படி நேர்ந்தவை.

முதுகில் சுமந்து நடப்பவருக்கு டப்பா அடுப்பு பொருத்தமானது. டிரெய்லர் வைத்திருப்பவர் புரொப்பேன் சிலிண்டருக்கு மாறிவிடுவதே தீர்வு. 3 கிலோவாட் பர்னர் முழுத் தீயில் மணிக்கு ஏறத்தாழ 230 கிராம் எரிக்கும். எனவே 5 கிலோ சிலிண்டர் ஒரு பர்னருக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வரும். எவ்வளவு மிச்சம் என்பதை ஆட்டிப் பார்த்து ஊகிக்க வேண்டாம். சிலிண்டரின் மீது பொறித்திருக்கும் வெற்று எடையைத் தராசு காட்டும் எடையிலிருந்து கழித்தால் போதும்.

கேள்வி: எங்கள் டிரெய்லரின் வெளிச்சுவரில் எரிவாயு இணைப்பு முனை ஒன்று இருக்கிறது. புதிதாக வாங்கிய கையடக்க கிரில்லை அதில் இணைத்தால் தீ மெழுகுவர்த்தி அளவுக்கே வருகிறது. அதே கிரில் தனிச் சிலிண்டரில் பிரமாதமாக எரிகிறது. ஏன்?

பதில்: வாயு இரண்டு ரெகுலேட்டர்களைத் தாண்டி வருகிறது. 20 பாகை வெப்பநிலையில் புரொப்பேன் சிலிண்டருக்குள் 7 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். டிரெய்லரின் ரெகுலேட்டர் அதை ஏறத்தாழ 30 மில்லிபாருக்கு இறக்கிவிட்டுத்தான் உள் அடுப்புக்கும் சுவரில் உள்ள முனைக்கும் அனுப்புகிறது. கிரில்லின் சொந்த ரெகுலேட்டரோ சிலிண்டர் அழுத்தத்தை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. ஏற்கெனவே இறக்கப்பட்ட வாயுவை அது மறுபடி நெரிக்கிறது.

கிரில்லின் பர்னர் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் வகை என்றால், அதன் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு இணைக்கும் பகுதியைத் தயாரிப்பாளரே விற்பார், அதையே வாங்குங்கள். உயர் அழுத்தத்தில் இயங்கும் முகாம் அடுப்பு என்றால் ரெகுலேட்டரைக் கழற்றினாலும் தீ வளராது. அதைத் தனிச் சிலிண்டரில் வைத்துக்கொள்வதுதான் வழி. ரெகுலேட்டர் கழற்றிய கிரில்லை மறதியாக நேரே சிலிண்டரில் மாட்டிவிடும் நாள் ஒன்று வரக்கூடும் என்பதால், மாற்றியமைத்த குழாயில் கண்ணில் படும்படி ஒரு சிவப்புப் பட்டையைச் சுற்றி வையுங்கள்.

எந்த இணைப்பைச் செய்தாலும் வால்வைத் திறந்ததும் சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் இணைப்பின் மீது தடவி, குமிழி வளர்கிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: மழை பெய்தால் டிரெய்லரோடு இணைந்த கூடாரத்துக்குள் கரி அடுப்பை வைத்துக்கொள்ளலாமா? கதவைச் சற்றுத் திறந்து வைப்போம். சமையல் முடிந்த பின் குளிருக்கும் ஆகும் அல்லவா?

பதில்: கூடாது. கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. தலைவலியும் தூக்கமுமாகத் தொடங்கி, எழுந்து வெளியேறும் வலுவைப் பறித்துவிடும். தணல் அணைந்தது போலத் தெரிந்த பிறகும் அது மணிக்கணக்கில் வெளிவந்துகொண்டிருக்கும். திறந்த கதவு இதற்குக் காப்பாகாது. மழைக்குச் செய்யத்தக்கது, நான்கு பக்கமும் திறந்த மேற்கூரைத் துணி ஒன்றை டிரெய்லரிலிருந்து தள்ளிக் கட்டி, அதன் கீழ் எரிவாயு அடுப்பை மட்டும் வைப்பது. டிரெய்லருக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி படுக்கை உயரத்திலும், எரிவாயுக் கசிவு காட்டும் கருவி தரையை ஒட்டியும் இருக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தாழ்ந்து தேங்கும்.

கேள்வி: மூடியுள்ள வார்ப்பிரும்புச் சட்டி இல்லாத முகாம் முகாமே அல்ல என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா? எத்தனை கரித்துண்டு வைப்பது?

பதில்: ஒரே இடத்தில் பல நாள் தங்குபவராக இருந்தால் வாங்கலாம், தினம் ஓர் இடம் மாறுபவருக்கு அது வெறும் சுமை. 12 அங்குலச் சட்டி ஒன்று மூடியோடு 8, 9 கிலோ இருக்கும்.

சட்டியின் விட்டம் எத்தனை அங்குலமோ அதைப்போல் இரண்டு மடங்கு அச்சுக் கரிக்கட்டிகள் வைத்தால் உள்ளே சுமார் 175 பாகை செல்சியஸ் கிடைக்கும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. 12 அங்குலச் சட்டிக்கு 24 கட்டிகள். வாட்டிச் சுடுவதற்கு அவற்றில் 16ஐ மூடியின் மேலும் 8ஐ அடியிலும் வைப்பார்கள். குழம்பாக வேகவைக்க வேண்டுமானால் அடியில் கூட்டிக்கொள்ளலாம். புதியவர்கள் அடியில் குவித்துக் கருக்கிவிடுவதே வழக்கம். காற்று வீசினால் இந்தக் கணக்கு தவறும். கட்டிகள் வேகமாக எரிந்து ஒரு பக்கம் மட்டும் சூடேறும், கால் மணிக்கொரு தரம் சட்டியையும் மூடியையும் எதிரெதிர்த் திசையில் கால் வட்டம் திருப்பிவிட வேண்டும். கழுவியதும் தீயில் காட்டி ஈரம் போக்கி, மெல்லியதாக எண்ணெய் தடவி, மூடிக்கும் சட்டிக்கும் இடையே மடித்த காகிதம் வைத்து எடுத்துவையுங்கள்.

கேள்வி: எரிவாயுவே வேண்டாம் என்று இண்டக்ஷன் அடுப்புக்கு மாற நினைக்கிறேன். டிரெய்லரில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. அந்தப் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. ஈய பேட்டரியின் ஆயுளைக் கருதி அதில் பாதியைத்தான் எடுக்கலாம். 1,800 வாட் இண்டக்ஷன் அடுப்பு அந்த 600 வாட்-மணியை 20 நிமிடத்துக்குள் குடித்துவிடும். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் 160 ஆம்பியருக்கு மேல் பாயும். அதைத் தாங்கும் கம்பியும் ஃபியூஸும் பெரும்பாலான டிரெய்லர்களில் இல்லை. மின் இணைப்புள்ள முகாம்களில் மட்டும் இண்டக்ஷனைப் பயன்படுத்தி, மற்ற இடங்களில் எரிவாயுவை நம்புவதே இன்றைக்கு நடைமுறைக்கு ஒத்தது.

கேள்வி: வீட்டு வாசலில் நிற்கும்போது நன்றாகக் குளிரும் டிரெய்லர் குளிர்பெட்டி, முகாமில் சொதப்புகிறது. எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் வகை. மேலும், சமையல் சாமான்களைப் பின்பக்க அலமாரியில் ஏற்றியதிலிருந்து வண்டி வாலாட்டுகிறது. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: இரண்டுமே டிரெய்லர் எப்படி நிற்கிறது, எப்படி ஏற்றப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தவை.

உங்கள் குளிர்பெட்டி உறிஞ்சு முறையில் இயங்குவது. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்ஸர் ஃபான் பிளாட்டென், கார்ல் முண்டர்ஸ் ஆகிய இருவர் 1922இல் உருவாக்கிய முறை அது. அதில் கம்பிரஸர் இல்லை. அம்மோனியாவும் நீரும் கலந்த கரைசல் வெப்பத்தாலும் புவியீர்ப்பாலும் மட்டுமே குழாய்களில் சுற்றிவருகிறது. பெட்டி சாய்ந்து நின்றால் கரைசல் குழாயில் தேங்கிவிடும். பக்கவாட்டுச் சாய்வு ஏறத்தாழ 3 பாகையைத் தாண்டக் கூடாது என்று பல மாதிரிகளின் கையேடுகள் சொல்கின்றன. ரசமட்டத்தைப் பெட்டியின் தரைமீதே வைத்துப் பாருங்கள். டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றுவதற்கு முன்பே, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைச் சாய்பலகையில் ஏற்றிப் பக்கவாட்டைச் சமன்செய்யுங்கள். பிறகு சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, கழற்றி, முன்பக்க ஜாக்கியால் நீளவாட்டைச் சரிசெய்யுங்கள். மூலைகளில் உள்ள தாங்குகால்களைக் கடைசியாக இறக்க வேண்டும். அவை ஆட்டத்தை நிறுத்துவதற்கானவை, வண்டியைத் தூக்குவதற்கானவை அல்ல. இந்த வகைப் பெட்டி குளிர்வதற்கு மணிக்கணக்காகும் என்பதால் முந்தின நாளே இயக்கிவையுங்கள். உள்ளே வைப்பவையும் முன்பே குளிர்ந்திருக்கட்டும்.

வாலாட்டம் பின்பாரத்தால் வருவது. மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகம் மேலே எழும்புவதைப் போலவே, இங்கும் பின்பக்க எடை இணைப்புக் கொக்கியின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அது குறைந்த டிரெய்லர் வேகம் கூடும்போது பக்கவாட்டில் அலையத் தொடங்கும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும் என்பது வட அமெரிக்க டிரெய்லர்களுக்கான அளவு. ஐரோப்பிய கேரவன்களுக்கு 5 முதல் 7 விழுக்காடு என்பார்கள். உங்கள் கார், கொக்கி இரண்டின் கையேட்டிலும் உள்ள வரம்பைத் தாண்டாமல் இந்த அளவுக்குள் நிற்க வேண்டும்.

வார்ப்பிரும்பு, மேசை, கருவிப்பெட்டி ஆகியவற்றை சக்கர அச்சுக்கு நேர் மேலோ சற்று முன்னாலோ, தரையை ஒட்டி வையுங்கள். உயர அலமாரிகளுக்குத் துணியும் காலிப் பாத்திரங்களும் போதும். தண்ணீரையும் மறக்க வேண்டாம்: 100 லிட்டர் தொட்டி நிறைந்தால் 100 கிலோ, அது பின்பக்கத்தில் அமைந்திருந்தால் அதுவே பின்பாரம். ஏற்றி முடித்ததும் எடைமேடைக்கு ஓட்டிச் சென்று, டிரெய்லரைக் கழற்றி அதன் மொத்த எடையையும், பின்னர் முன்பக்க ஜாக்கியை மட்டும் மேடைமீது நிறுத்திக் கொக்கியின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜாக்கி கொக்கிக்குப் பின்னால் இருப்பதால் மேடை காட்டும் எடை சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.