வயதைப் பார்த்துத் தமிழ்ப் புத்தகம் வாங்காதீர்கள்

கேள்வி: மகளுக்கு ஏழு வயது, ஆங்கில வழியில் இரண்டாம் வகுப்பு. ஆங்கிலக் கதைப் புத்தகத்தைத் தானாக எடுத்துப் படிக்கிறாள். வீட்டில் வாய் ஓயாமல் தமிழ்தான் பேசுகிறாள், ஆனால் தமிழ்ப் புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறாள். ஆசையாக வாங்கிய நீதிக்கதைத் தொகுப்பு பிரிக்காமலே கிடக்கிறது. அவள் வயதுக்கு என்ன வாங்கலாம்?

பதில்: அட்டையில் போட்டிருக்கும் வயதை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் மகளுக்குக் கதை கேட்கும் வயது ஏழு, தமிழ் படிக்கும் வயது நாலரையோ ஐந்தோ இருக்கும். இந்த இடைவெளிதான் பிரச்சினை, ஆர்வமின்மை இல்லை.

அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். வீட்டில் 'போயிட்டாங்க' என்கிறாள், புத்தகத்தில் 'சென்றுவிட்டனர்' என்று இருக்கிறது. 'பார்த்துக்கொண்டிருந்தாள்' என்று ஒரே சொல் பாதி வரியை அடைத்துக்கொள்கிறது. கடல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே 'க'தான், ஆனால் ஒலி வேறு வேறு. அந்தச் சொல்லை ஏற்கெனவே காதால் கேட்டிருந்தால் சரியாக வாசிப்பது சுலபம். அதனால் தெரியாத சொல் நிறைந்த பக்கம் அவளைத் தடுக்கும். நீதிக்கதைத் தொகுப்புகளில் 'முன்னொரு காலத்தில் ஓர் அடர்ந்த வனத்தில்' என்று ஆரம்பித்துப் பத்தி பத்தியாகப் போகும், கடைசியில் 'நீதி' என்று ஒரு வரி வேறு (அதைத் தாராளமாகத் தாண்டிவிடலாம்). அதெல்லாம் நீங்கள் படித்துக் காட்ட வேண்டிய புத்தகம், பேச்சுத் தமிழில் மாற்றிச் சொன்னாலும் தப்பில்லை.

அவளே படிக்க வாங்குவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கடையிலேயே நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், திக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு அது வேண்டாம். அச்சையும் கவனியுங்கள், இதை யாரும் பார்ப்பதில்லை! பெரிய எழுத்து, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, அப்புறம் வரி முடிவில் சொல்லை இரண்டாக ஒடித்துப் போடாமல் இருக்க வேண்டும். நம் அச்சில் ஒடித்த இடத்தில் பெரும்பாலும் கோடுகூடப் போடுவதில்லை, குழந்தை அதை இரண்டு சொல்லாகப் படித்துவிட்டுக் குழம்பும்.

சின்னக் குழந்தைக் கதை கொடுத்தால் 'இது பாப்பா புக்' என்று தள்ளிவிடுவாளே என்றால், நியாயம்தான். அதனால் கதையைவிட விஷயப் புத்தகங்கள் தோதானவை: எறும்பு, ரயில், டைனோசர், பூரி செய்வது எப்படி, இப்படி. சொற்கள் எளிது, விஷயம் ஏழு வயதுக்கானது. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழிலேயே நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலையில் ஆரம்பியுங்கள், ஒரு பத்துப் புத்தகம் சுலபமாக முடித்துவிட்டு அவளே மேலே போகட்டும். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்று இதே மாதிரிப் படிப்படியாகத்தான் போகின்றன, தெரிந்த ஆசிரியர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

தூலிகா மாதிரிப் பதிப்பகங்களின் இருமொழிப் புத்தகங்கள் அழகாக இருக்கும். ஆனால் உங்கள் மகள் மாதிரி ஆங்கிலம் சரளமாக வரும் குழந்தை ஆங்கில வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடும். அவளுக்குத் தமிழ் மட்டும் உள்ள பதிப்பையே வாங்குங்கள்.

வீட்டில் படிக்கும்போது நீங்கள் ஒரு வரி, அவள் ஒரு வரி. திக்கினால் மூன்று நொடி பொறுத்துவிட்டுச் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், எழுத்துக்கூட்டச் சொல்லி நிறுத்தாதீர்கள், கதை அறுந்துவிடும். பத்து நிமிடம் போதும்.

நிலை பிடிபடும்வரை நிறையச் செலவழிக்கவும் வேண்டாம். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பிரிவு இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து அந்த விரல் சோதனையைச் செய்துபாருங்கள், எதை வாங்குவது என்று அவளே காட்டிவிடுவாள்.