செட்டிநாட்டில் பழைய புல்லட் எஞ்சினை வேகத்துக்குக் கட்ட எந்தப் பட்டறை, எந்த உதிரிபாகம்?

பள்ளத்தூரில் வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350 வைத்திருக்கிறீர்கள். இன்னும் வேகம் வேண்டும், பிஸ்டனை எங்கே வாங்கி யாரிடம் போர் போடுவது (சிலிண்டரின் உள்துளையைக் கடைந்து பெரிதாக்குவது) என்று கேட்கிறீர்கள்.

போரைப் பெரிதாக்கினால் வேகம் வந்துவிடும் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90 மி.மீ.; அதாவது 346 சிசி. ஒரு மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாலும் 356 சிசிதான். அந்தப் பத்து சிசி உங்களைக் குன்றக்குடி மலையடிவாரம் வரைக்கும்கூட ஒரு நொடி முந்திக் கொண்டுபோய்விடாது. சக்தி கூடுவது கம்ப்ரஷனிலும் (சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் வேலையிலும்தான். கம்பெனி கொடுத்த கம்ப்ரஷன் வெறும் 6.5, அங்கே இடம் நிறைய இருக்கிறது.

காரைக்குடியில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் டிராக்டரும் புதுவயல் அரிசி ஆலைகளும் வேலை கொடுக்கும் ஊர் இது. டீசல் எஞ்சினில் ஊறிய கைகள்தான் அதிகம். எனவே ஆளைச் சோதித்துப் பாருங்கள். “என்ன கிளியரன்ஸ் வைப்பீர்கள்?” என்று, அதாவது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேளுங்கள். “பிஸ்டனைக் கொண்டுவாருங்கள், அளந்துவிட்டுச் சொல்கிறேன்” என்றால் உட்காருங்கள். “முப்பது வருடக் கைப்பழக்கம்” என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பிஸ்டன் முழு வட்டமல்ல. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னுக்குச் (pin) செங்குத்தான திசையில், அடிப்பக்கம் ஸ்கர்ட்டில் அளக்க வேண்டும். சிலிண்டரை மேலே, நடுவே, கீழே, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசையில் போர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். வெப்பத்தில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டன், வார்ப்புப் பிஸ்டனைவிடப் பொதுவாக இன்னும் கொஞ்சம் இடைவெளி கேட்கும். பிஸ்டன் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அந்த அளவு இருக்கும். தாளையும் பட்டறைக்காரர் கையில் கொடுங்கள்.

ஹோனிங் (கடைந்த துளையைத் தேய்த்து முடிக்கும் வேலை) முடிந்த போரை விரலால் தடவி “கண்ணாடி மாதிரி இருக்கிறது பாருங்கள்” என்பவரிடமும் எச்சரிக்கை வேண்டும். முட்டை வெள்ளைக்கருப் பூச்சிட்ட நம் வீட்டுச் சுவர் மாதிரி வழவழப்பாக இருந்தால் எண்ணெய் நிற்காது, ரிங்கும் படியாது. ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய சாய்கோடுகள் வெளிச்சத்தில் தெரிய வேண்டும். ரிங்கை வெறும் போரில் போட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பார்ப்பதை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். இந்த விட்டத்துக்குச் சுமார் 0.3 மி.மீ. இருந்தால் சரி, முடிவான அளவு ரிங் கம்பெனி சொல்வதுதான்.

கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வேலைக்கு மட்டும் கோயம்புத்தூர் வரை போகத் தயங்காதீர்கள். கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கும் ஊர். பந்தய எஞ்சின் கட்டுபவர்கள் அங்கே உண்டு. பழைய புல்லட்டின் பிக் எண்டில் (கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் முனை) இருப்பது ஃப்ளோட்டிங் புஷ், அதாவது தளர்வாகச் சுழலும் வளையம். கம்ப்ரஷனையும் ஆர்பிஎம்மையும் ஏற்றப் போகிறீர்கள் என்றால் ரோலர் பேரிங் வகைக்கு மாறுவது நல்லது. கிராங்க்கைப் பிரித்துப் பிரஸ்ஸில் கூட்டிய பிறகு டயல் கேஜ் வைத்து ஓட்டம் (சுழலும்போது எவ்வளவு கோணுகிறது என்பது) காட்டாமல் கொடுத்தால் வாங்காதீர்கள். என்னைக் கேட்டால், செலவில் பெரும்பங்கு பளபளக்கும் சைலன்சருக்குப் போகாமல் இங்கேதான் போக வேண்டும்.

பிஸ்டனைப் பொறுத்தவரை, இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற தெரிந்த கம்பெனிப் பொருளைப் பில்லோடு வாங்குங்கள். பழைய பிஸ்டனையும் புதியதையும் பின், ரிங்கோடு சேர்த்து, தெரிந்த நகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள் (சிரிப்பார்கள், சிரிக்கட்டும்). எடை வெகுவாக மாறினால் கிராங்க்கின் சமநிலை கெட்டு அதிர்வு கூடும். அந்த எடையைக் கிராங்க் வேலை செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிசியைப் பெரிதாகக் கூட்டும் கிட் போடும் எண்ணமிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழ்) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம்.