வேலிக்கு உள்ளே இருந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

1952இல் பேராக்கின் தஞ்சோங் மாலிம் ஊரில், மலாயாவை ஆண்ட பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர் போட்ட ஊரடங்கை வைத்து நாவல் எழுத ஆசை. அந்தக் கடுமைதான் அவசரகாலத்தை, அதாவது கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு பிரிட்டிஷ் அரசு நடத்திய போரை, முடித்துவைத்தது என்று வாசித்தேன், சரிதானா? அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி, "அது சீனன் சண்டை, நமக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல" என்கிறார். அதனால் தமிழ்ப் பாத்திரங்கள் தேவையா என்று குழப்பம். என்ன நூல்கள் வாசிக்கலாம்?

ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

நூல்களுக்குக் குறைவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய் உட்காருங்கள், கிடைக்கும். பாட்டி சொன்ன அந்த ஒரு வரிதான் என்னை விடமாட்டேன் என்கிறது. அதே வரியை என் அம்மா வாயால் கேட்டு வளர்ந்தவன் நான்.

1952 மார்ச் 25. ஊருக்குத் தண்ணீர் வரும் குழாயைப் பழுதுபார்க்கப் போனவர்களைக் கெரில்லாக்கள் மறைந்திருந்து சுட்டார்கள். 12 பேர் செத்தார்கள். அவர்கள் வீடுகளில் விழுந்த இழவை நான் சிறிதாக்க மாட்டேன். டெம்ப்ளர் நேரில் வந்து ஊர்ப் பெரியவர்களை ஏசினார். நாளுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் பங்கீட்டில் வெட்டு. அப்புறம் வீட்டுக்கு ஒரு தாள்: தெரிந்த கம்யூனிஸ்ட் பெயரை எழுது, உன் பெயர் வேண்டாம். அதனால் போர் முடிந்ததா என்றால், அவசரகாலத்தை விலக்கிக்கொண்டது 1960 ஜூலை 31இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பெர்னாம் ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் ஊரடங்கு இனம் பார்த்தா வந்தது? சுற்றிலும் தோட்டங்கள். கெர்லிங் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பாட்டி பால்மரம் வெட்டினார், ரப்பர் பாலுக்குப் பட்டை சீவும் வேலை. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. விடியுமுன் வேலிக் கதவருகே வரிசை நிற்க வேண்டும். சோதனைக்கு நிற்கும் பெண் சாப்பாட்டு மங்கின் மூடியைத் திறந்து முகர்வாள், முந்தானை முடிச்சை விரலால் நெருடிப் பார்ப்பாள். வேலியைத் தாண்டிச் சோறு போகக் கூடாது, காட்டில் இருப்பவன் கைக்குப் போய்விடுமாம். கடையில் டின் மீன் வாங்கினால் அதில் ஓட்டை போட்டுத்தான் தருவார்கள், ஒளித்து வைக்க முடியாதபடி. ஒருநாள் பாட்டியின் முடிச்சில் வறுத்த அரிசி ஒரு பிடி அகப்பட்டது. தரையில் கொட்டச் சொன்னார்கள். கொட்டிவிட்டு, வெறும் வயிற்றோடு, பால் சுமக்கும் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இத்தனையும் சொல்லிவிட்டு அம்மா முடிப்பது எப்படித் தெரியுமா? "நமக்கென்னப்பா, அது சீனன் சண்டை."

நமக்கு அதில் பங்கில்லையா? அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதி யார்? ஒரு துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்று 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் அவருடைய தோழர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். சங்கத்தில் இருந்தவர்களை விசாரணையில்லாமல் அடைத்தார்கள், பலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இதையெல்லாம் பார்த்த லயத்தில் யார் வாய் திறப்பார்கள்? உங்கள் பாட்டி பொய் சொல்லவில்லை, தம்பி. கேட்க வந்த அதிகாரிக்குச் சொல்லிப் பழகிய பதிலைப் பேரனுக்கும் சொல்கிறார். அந்தப் பதில்தான் அன்று பல வீடுகளில் ஆண்களைக் காப்பாற்றியது.

அதை அப்படியே வாங்கிக்கொண்டு, தமிழ்ப் பாத்திரம் தேவையா என்று என்னிடம் கேட்கிறீர்களே, கோபம் வராமல் என்ன செய்யும்? நூல் பட்டியலுக்கு ஒரு கிழவனுக்கு எழுதத் தெரிகிறது, வீட்டில் இருக்கும் கிழவியிடம் இரண்டாவது கேள்வி கேட்கத் தோன்றவில்லை. என் அம்மா போய்விட்டார். நான் கேட்காமல் விட்டது எவ்வளவோ.

பாட்டியிடம் கம்யூனிஸ்ட், டெம்ப்ளர் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். வேலிக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், யார் சோதித்தார்கள், அன்றைக்கு எத்தனை மணிக்குப் பசியாறினீர்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், போனில் வேண்டாம். நாவலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஞாயிறே போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.