ஐந்து நாள் கோல்ஃப் பயணத்துக்கு ஒரே ஊரில் தங்குவதென்றால் என் பதில் சவுத்போர்ட்

நண்பர்கள் நால்வர், ஐந்து நாள் ஆட்டம், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைந்தால் திறன் அதிகம்) 14 முதல் 22 வரை, பெட்டியை ஒருமுறை திறந்தால் திரும்பும் நாளில்தான் மூட வேண்டும், பிரிட்டனிலோ அயர்லாந்திலோ எந்த ஊரில் தங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், லிவர்பூலுக்கு வடக்கே உள்ள சவுத்போர்ட்டில் தங்குங்கள் என்பதே என் பதில். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கோல்ஃப் ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற பெயரை எதிர்பார்த்திருப்பீர்கள். அதை ஏன் முதலில் சொல்லவில்லை என்பதையும் கீழே விளக்குகிறேன்.

வடக்கு இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக வசிக்கும் நான், என் முதல் லிங்க்ஸ் (கடலோர மணல்வெளி மைதானங்கள்) பயணத்தை அயர்லாந்தின் தென்மேற்கில் தொடங்கினேன். லாஹிஞ்ச், பாலிபன்னியன், வாட்டர்வில் ஆகிய மூன்று மைதானங்களிலும் ஆட வேண்டும் என்ற ஆசையில், மூன்று ஊர்களில் அறை எடுத்தோம். வரைபடத்தில் விரற்கடை அளவில் தெரிந்த தூரங்கள், ஒடுங்கிய நாட்டுப்புறச் சாலைகளிலும் ஷானன் ஆற்றைக் கடக்கும் படகுக்கான காத்திருப்பிலும் அரை நாள்களாக நீண்டன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாலிபன்னியனில் ஆட வேண்டிய நாளில் காற்றும் மழையும் ஒன்றாக வந்து, ஒன்பதாம் குழியோடு ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தது. மறுநாள் காலையில் வானம் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. ஆனால் அன்று இரவுக்கான அறை வாட்டர்வில்லில் பணம் கட்டப்பட்டுக் காத்திருந்ததால், அந்த அழகிய மைதானத்தைக் கண்ணால் பார்த்தபடியே வண்டி ஏறினோம். ஒரே ஊரில் தங்குவதன் பெரும்பயன் ஓய்வு அல்ல, நாள்களை இடம் மாற்றிக்கொள்ளும் வசதிதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே எவ்வளவு புகழ்பெற்ற மைதானம் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய நல்ல மைதானங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நான்குக்குக் குறைவாக இருந்தால் அது ஐந்து நாளுக்கான ஊர் அன்று. அவற்றுள் ஒன்றிரண்டாவது கட்டணம் குறைந்தவையாகவும், முன்பதிவு இல்லாமலே மாலையில் இடம் கிடைக்கக்கூடியவையாகவும் இருக்க வேண்டும். காற்று ஓய்ந்த பொன்மாலையில் இன்னும் ஒன்பது குழி ஆடலாம் என்று தோன்றும்போது கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா?

சவுத்போர்ட்டில் இந்தக் கணக்கு எளிதாகத் தேறுகிறது. அதற்குக் காரணம் ஒரு ரயில் பாதை. சவுத்போர்ட்டிலிருந்து லிவர்பூல் வரை மெர்சிரெயில் நிறுவனத்தின் மின்சார ரயில், பகல் நேரத்தில் சுமார் 15 நிமிடத்துக்கு ஒன்றாக ஓடுகிறது. அந்தப் பாதை, கடலோர மணல்மேடுகளின் ஓரமாகவே செல்கிறது. ஹில்சைடு நிலையத்தில் இறங்கினால் ராயல் பர்க்டேலும் ஹில்சைடு மைதானமும் நடந்து போகும் தூரம். அடுத்த நிலையமான எய்ன்ஸ்டேலுக்கும் இதற்கும் இடையில் சவுத்போர்ட் அண்டு எய்ன்ஸ்டேல் மைதானம். அதற்கடுத்த ஃப்ரெஷ்ஃபீல்டில் இறங்கினால் ஃபோர்ம்பி. இன்னும் சில நிலையங்கள் தள்ளி, ஹால் ரோடில் இறங்கினால், 1873-இல் தொடங்கப்பட்ட வெஸ்ட் லங்காஷயர் கிளப் தண்டவாளத்தை ஒட்டியே இருக்கிறது. தோளில் மட்டைப் பையை மாட்டிக்கொண்டு, அலுவலகம் போகிறவர்களோடு ரயிலில் நின்றபடி மைதானத்துக்குப் போகும் அனுபவத்தை இவ்வளவு எளிதாகத் தரும் வேறு கரையை நான் பார்த்ததில்லை. வாடகைக் கார் வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்து ஒரு குவளை பியர் அருந்தினாலும் யார் வண்டி ஓட்டுவது என்ற கேள்வி எழாது.

பர்க்டேலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நடுத்தர ஹேண்டிகேப் உள்ளவர்கள் அந்தப் பெயரைக் கேட்டே தயங்குகிறார்கள். பிரிட்டனின் மிகப் பெரிய கோல்ஃப் போட்டியான ஓபன் 1954 முதல் 2017 வரை பத்து முறை இங்கே நடந்திருக்கிறது. 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கும் இதையே தேர்ந்தெடுத்தார்கள். கடினமான மைதானம்தான், ஆனால் நேர்மையானது. மணல்மேடுகளுக்கு மேலே ஏறி இறங்காமல், அவற்றுக்கு இடையிலான பள்ளத்தாக்குகளில் ஃபேர்வேக்கள் (குழியை நோக்கிச் செல்லும், புல் குட்டையாக வெட்டிய பாதைகள்) ஏறக்குறையச் சமமாக ஓடுகின்றன. அதனால் நடுவில் விழுந்த பந்து பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும், கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கி அடிக்க வேண்டிய இடங்களும் மிகக் குறைவு. 2017-இல் அமெரிக்க வீரர் ஜோர்டன் ஸ்பீத், 13-ஆம் குழியில் பந்தை வலப்பக்கம் வெகுதூரம் விலக்கி அடித்துவிட்டு, விதிப்படி பின்னால் போய்ப் பயிற்சித் திடலிலிருந்து ஆடி, ஒரே ஒரு அடி இழப்போடு தப்பித்து, கடைசியில் கோப்பையையும் வென்ற இடம் இது. பிரிட்டனும் அமெரிக்காவும் மோதிய 1969 ரைடர் கோப்பையின் கடைசிக் குழியில், பிரிட்டனின் டோனி ஜாக்லினுக்கு மிஞ்சியிருந்த சிறிய புட்டை (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடியை) அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ் அடிக்கவிடாமலே விட்டுக்கொடுத்து, போட்டி 16-16 என்று சமனில் முடிந்ததும் இங்கேதான். அந்தப் பதினெட்டாம் கிரீனில் (குழியைச் சுற்றிய மென்புல் திடலில்) நிற்கும்போது எனக்கு உடல் சிலிர்த்தது. கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். ஐந்து நாளில் ஒருநாள் இந்தச் செலவு தகும் என்று மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் நால்வருக்கும் மிகுந்த மகிழ்ச்சியைத் தரப்போவது அதன் பக்கத்து வீடான ஹில்சைடு என்றே நினைக்கிறேன். முதல் ஒன்பது குழிகள் ரயில் பாதையை ஒட்டி அமைதியாகத் தொடங்கும். பத்தாம் குழி தாண்டியதும் நிலம் திடீரென்று எழுந்துவிடும். பதினோராம் குழியின் டீ (முதல் அடி அடிக்கும் மேடை) உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கீழே, இருபுறமும் மணல்மேடுகள் அரணாக நிற்க, நீண்ட பள்ளத்தாக்கில், பந்தை ஐந்து முறை அடித்து முடிக்க வேண்டிய குழிக்கான பாதை விரிந்து கிடக்கும். ஓபன் போட்டி நடக்காத மைதானம் என்பதால் இதை இரண்டாம் தரமாக எண்ணிவிட வேண்டாம். 2019-இல் பிரிட்டிஷ் மாஸ்டர்ஸ் போட்டி இங்கே நடந்தது. இந்த ஊரிலேயே பிறந்த தொழில்முறை வீரர் டாமி ஃப்ளீட்வுட் அதை நடத்தினார்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள சவுத்போர்ட் அண்டு எய்ன்ஸ்டேலில் 1933-லும் 1937-லும் ரைடர் கோப்பை நடந்தது. 1933-இல் கடைசியாக முடிந்த ஆட்டத்தின் கடைசிக் கிரீனில் அமெரிக்கர் டென்னி ஷூட் மூன்று புட் எடுத்ததால் பிரிட்டன் வென்றது. வழக்கத்துக்கு மாறாக, பந்தை மூன்றே முறை அடித்து முடிக்க வேண்டிய குழியோடு இங்கு ஆட்டம் தொடங்குகிறது, ஆகவே கை கால்களை நன்றாகத் தளர்த்திக்கொண்டு டீக்குப் போங்கள். கட்டணம் பர்க்டேலைவிட வெகுவாகக் குறைவு. மாலையில் கூடுதலாக ஆடுவதற்கு நான் முதலில் விசாரிக்கும் கிளப் இதுதான்.

ஃபோர்ம்பி முற்றிலும் வேறு உலகம். பைன் மரங்களுக்குள் நுழைந்து, புதர்க்காட்டைக் கடந்து, மணல்மேடுகளுக்கு வெளியேறும் அந்தப் பாதையில் சிவப்பு அணில்களைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் அவை எஞ்சியிருக்கும் சில இடங்களில் இந்தக் கரையும் ஒன்று. 1984-இல் பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியின் இறுதியில், பிற்காலத்தில் பெரும் பெயர் பெற்ற ஸ்பெயின் வீரர் ஒலாஸபால், ஸ்காட்லாந்தின் மான்ட்கமரியை வென்றது இங்கேதான். மைதானத்தின் நடுவிலேயே, 1896-இல் தொடங்கிய பெண்களுக்கான தனி கிளப் தனக்கென்று பதினெட்டுக் குழிகளோடு இயங்குகிறது. ஆண்களும் கட்டணம் செலுத்தி ஆடலாம். நீளம் குறைவு, நுட்பம் அதிகம். என் மனைவியும் நானும் ஒரு செப்டம்பர் மாலையில் அங்கே ஆடிய சுற்றை இன்னும் மறக்கவில்லை.

ஒருநாள் மட்டும் சற்றுத் தொலைவு போகலாம் என்றால், லிவர்பூலில் ரயில் மாறி, மெர்சி ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஹாய்லேக்குக்குப் போய் ராயல் லிவர்பூலில் ஆடலாம். மொத்தப் பயணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதே கரையிலுள்ள வாலசி உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் பிடிக்கக்கூடும். குழிக்கு இத்தனை புள்ளி என்று கணக்கிடும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையை, அந்த கிளப்பின் உறுப்பினரான மருத்துவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் 1932 மே மாதத்தில் அங்கே போட்டியாக நடத்திக் காட்டினார். ஒரு குழியில் நாசமானாலும் அந்தச் சுற்று முழுவதும் நாசமாகிவிடாது என்ற ஆறுதலை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடுகிறவர்கள்வரை அனுபவிப்பது அவரால்தான்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கடலைப் பார்த்தபடி ஆட வேண்டும் என்பது உங்கள் கனவானால் சவுத்போர்ட் ஏமாற்றும். மணல்மேடுகள் கடலை மறைக்கின்றன, வற்றத்தின்போது கடலும் வெகுதூரம் உள்வாங்கிவிடுகிறது. வெஸ்ட் லங்காஷயரில் மட்டும் மெர்சி முகத்துவாரத்துக்கு வரும் கப்பல்களைக் காணலாம். அதுபோல, ராயல் லித்தம் என்ற புகழ்பெற்ற மைதானம் வரைபடத்தில் எதிர்க்கரையில் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும், ரிப்பிள் ஆற்றைச் சுற்றிக்கொண்டு பிரெஸ்டன் வழியாகத்தான் போக வேண்டும். ஐந்து நாள் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

கடல் காட்சி கட்டாயம் என்றால் எடின்பரோவுக்குக் கிழக்கே உள்ள நார்த் பெரிக் நல்ல மாற்று. எடின்பரோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மைதானம் ஊருக்குள்ளேயே தொடங்குகிறது, பக்கத்து ஊரான கல்லனின் மூன்று மைதானங்களும் அருகில் இருக்கின்றன. எனக்கு இரண்டு ஊர்களுக்கும் இடையில் மயிரிழை வேறுபாடுதான், காரில்லாமல் போகும் வசதியே தராசைச் சாய்த்தது. வட அயர்லாந்தின் போர்ட்ரஷ் அற்புதமான இடம், ஆனால் ராயல் போர்ட்ரஷ், போர்ட்ஸ்டூவர்ட், காசில்ராக் ஆகியவற்றை ஆடி முடித்தபின் ஐந்தாவது நாளுக்குத் தேட வேண்டியிருக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸில், அங்குள்ள ஓல்டு கோர்ஸ் மைதானத்தில் ஆடுவதே வாழ்நாள் ஆசை என்றால் மட்டும் தங்குங்கள். முன்பதிவு கிடைக்காதவர்களுக்கு இரண்டு நாள் முன்னதாகக் குலுக்கல் நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு மூடிவிடுவார்கள், ஆகவே பயணம் முழுவதும் அந்தக் குலுக்கலைச் சுற்றியே அமையும். அயர்லாந்துக் குடியரசைச் சேர்த்துத் திட்டமிட்டால், அது தனி நாடு, விசா விதிகளும் தனி என்பதை மறக்க வேண்டாம்.

முன்பதிவை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பர்க்டேல், அதன்பின் ஃபோர்ம்பி, ஹில்சைடு, கடைசியில் மற்றவை. வெளியாருக்கு ஒதுக்கும் நாள்களும் நேரங்களும் குறைவு என்பதால் பல மாதங்களுக்கு முன்பே கேளுங்கள். அறையை அதற்குப் பிறகு எடுத்தால் போதும், லார்டு தெருவுக்கு அருகில் இருந்தால் ரயில் நிலையமும் உணவகங்களும் நடக்கும் தூரம். உங்கள் கிளப்பின் ஹேண்டிகேப் சான்றிதழை அச்சிட்டு எடுத்து வாருங்கள். மே மாதமும் செப்டம்பரும் சிறந்தவை. ஜூன் இறுதியில் இரவு ஒன்பதரைக்குப் பிறகும் வெளிச்சம் இருப்பதால் ஒரே நாளில் இரண்டு சுற்று ஆடலாம், ஆனால் கட்டணமும் கூட்டமும் அப்போது அதிகம். லிங்க்ஸில் நடந்துதான் ஆட வேண்டியிருக்கும், பேட்டரி வண்டியை நம்பி வர வேண்டாம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தினமும் எட்டுக் கிலோமீட்டர் நடந்து பழகுங்கள். ரயிலில் ஏற்றி இறக்க வசதியாக, எடை குறைந்த தோள் பையைக் கொண்டு வாருங்கள்.

திரும்பும் நாளில், விமானம் இரவில் என்றால், சவுத்போர்ட்டின் வடக்கு ஓரத்திலுள்ள ஹெஸ்கெத்தில் காலைச் சுற்றை வைத்துக்கொள்ளுங்கள். 1936-இல் ஜெர்மனியின் பாடன்-பாடனில் நடந்த கோல்ஃப் போட்டியில் வென்ற இணையில் ஒருவரான அர்னால்டு பென்ட்லி இந்த கிளப்பின் உறுப்பினராக இருந்தவர். பரிசாகக் கிடைத்த மரக்கன்றை இங்கே நட்டார்கள். அதைக் காட்டச் சொல்லி உறுப்பினர் யாரிடமாவது கேளுங்கள், விரும்பிக் கூட்டிப்போவார்கள். நண்பகலுக்குள் ஆட்டம் முடிந்துவிடும், குளித்து, பெட்டியைக் கட்டி, மான்செஸ்டருக்கு நேரடியாகப் போகும் ரயிலைப் பிடிக்க நேரம் தாராளமாக இருக்கும்.