ஆபீஸ் சர்வரா, கிளவுடா? கேள்வி பதில்

சிறு நிறுவனங்களின் சர்வரைக் (ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து பயன்படுத்தும் பொதுக் கம்ப்யூட்டர்) கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கம்ப்யூட்டருக்கு, மாற்றித் தருவதுதான் என் பிழைப்பு. கேளுங்கள்.

கே: திருப்பூரில் பின்னலாடை யூனிட், அண்ணா. பழைய சர்வரில் டேலி கணக்கு மென்பொருள் ஓடுகிறது, இருபது பேர் பயன்படுத்துகிறோம். புது சர்வர் வாங்கலாமா, கிளவுடுக்குப் போகலாமா?

ப: கொட்டேஷனை மட்டும் பார்க்காதீர்கள். யுபிஎஸ் பேட்டரி, ராத்திரியும் ஓடும் ஏசி, வாரண்டி முடிந்ததும் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எல்லாம் சர்வர் கணக்கில் வரும். கிளவுட் பில்லிலும் இதே கதைதான். மெஷின் வாடகை ஒரு வரி. அதற்குக் கீழே டிஸ்க், ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அந்த நேரத்துப் பிரதி), வெளியே போகும் டேட்டா என்று வரிசையாக வரும். பப்ளிக் ஐபி-க்குக்கூட (இணையத்தில் உங்கள் மெஷினின் முகவரி) 2024 பிப்ரவரியிலிருந்து, கிளவுடை வாடகைக்கு விடும் அமேசான் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. ராத்திரி மெஷினை நிறுத்தி வைத்தால் அதன் வாடகை மிச்சம், ஆனால் டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரண்டையும் ஐந்து வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள். உங்கள் ஆபீஸ் பகலில் மட்டும் இயங்கினால் கிளவுட் கட்டுப்படியாகலாம்.

கிளவுடுக்குப் போனால் ஒன்று: ஆர்டிபி போர்ட் 3389-ஐ (தூரத்திலிருந்து விண்டோஸ் மெஷினுக்குள் நுழையும் வாசல்) உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். திறந்த அன்றே லாகை (மெஷினின் வருகைப் பதிவேடு) பாருங்கள், எங்கிருந்தோ யாரோ பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) நுழையும் வழிகளில் முக்கியமானது இது. விபிஎன் (உங்கள் ஆட்களுக்கு மட்டுமான பாதுகாப்பான தனிவழி) போட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

கே: கிளவுடில் இருந்தால் பேக்கப் வேண்டாம்தானே?

ப: வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் (சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் கட்டடம்) ஒன்று எரிந்து சாம்பலானது. வேறு இடத்தில் பிரதி வைக்காதவர்களுக்குப் போனது போனதுதான்.

கே: சார், கணக்கு டேட்டா இந்தியாவில்தான் இருக்க வேண்டுமா?

ப: கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம் என்றால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் விழ வேண்டும். 2022 ஆகஸ்ட் திருத்தம் அது. இடத்துக்குப் பஞ்சமில்லை, அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையும் உண்டு. மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கே: எது பெஸ்ட் கிளவுட்?

ப: உங்கள் ஆளுக்கு எது தெரியுமோ அது.

கே: பேஸ்கேம்ப் என்ற வேலை மேலாண்மை மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனம் கிளவுடை விட்டே வெளியேறிவிட்டதே. உங்கள் பிழைப்புக்காக மறைக்கிறீர்களா?

ப: மறைக்க என்ன இருக்கிறது? 2022-ல் கிளவுடுக்கு அவர்கள் கட்டியது 32 லட்சம் டாலர். அடுத்த வருஷம் சுமார் 7 லட்சம் டாலருக்கு டெல் சர்வர்கள் வாங்கினார்கள், பில் பெருமளவு இறங்கியது. ஆனால் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் டீம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. வேலைச்சுமையும் ஏறி இறங்காத சுமை. உங்களிடம் அப்படி ஒரு டீம் இருக்கிறதா?

கே (அவரே): இணையத்தில் கோப்புகளைச் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸும் கிளவுடை விட்டுப் போனதே! நெட்ஃபிளிக்ஸை மட்டும் ஏன் எல்லாரும் உதாரணம் காட்டுகிறீர்கள்?

ப: நான் காட்டவில்லை, நீங்கள்தான் இழுத்தீர்கள். சரி, பேசுவோம். 2008-ல் நெட்ஃபிளிக்ஸின் டேட்டாபேஸ் பழுதாகி, மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியவில்லை. அதன்பிறகு அமேசானுக்கு மாறத் தொடங்கியவர்கள், 2016 ஜனவரியில்தான் முடித்தார்கள். அப்போதும் வீடியோவை வீட்டுக்கு அனுப்பும் வேலையை அமேசானிடம் கொடுக்கவில்லை; அதற்கு ஓபன் கனெக்ட் என்று சொந்த சர்வர் பெட்டிகள். டிராப்பாக்ஸ் வெளியே கொண்டுபோனதும் கோப்புச் சேமிப்பின் பெரும்பகுதியைத்தான். பெரியவர்களே பாதி வாடகை, பாதி சொந்தம் என்று இருக்கும்போது, நாம் ஏன் கட்சி கட்ட வேண்டும்? தினமும் ஒரே அளவு ஓடுவதைச் சொந்தமாக வையுங்கள். தீபாவளிக்கு மட்டும் எகிறுவதை வாடகைக்கு எடுங்கள்.

கே: அப்போ ஹைபிரிட்தான் (பாதி சொந்தம், பாதி கிளவுட்) பெஸ்டா?

ப: முந்தைய பதிலைப் படியுங்கள்.

கே: கூகுள் மாதிரி பெரிய இடத்தில் பேக்கப் எதற்கு?

ப: மறுபடியுமா! 2024 மே மாதம் யூனிசூப்பர் என்ற ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் தளம், செட்டிங்கில் நேர்ந்த ஒரு பிழையால் அப்படியே அழிந்தது. இன்னொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது கை கொடுத்தது. இனி பேக்கப் கேள்விக்குப் பதில் கிடையாது.

கே: மாறியபின் பழைய சர்வரை எடைக்குப் போட்டுவிடலாமா, அண்ணா?

ப: உடனே வேண்டாம். கிளவுட் பேக்கப்பை அதில் ரீஸ்டோர் செய்து, போன மாதக் கணக்கு திறக்கிறதா பாருங்கள். திறந்த பிறகு டிஸ்கைக் கழற்றி அழித்துவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள்.