கம்பெனி அமர்த்திய வக்கீல் யாருக்கு வக்கீல்?

சிகிச்சையில் கவனக்குறைவு என்று ஒரு நோயாளி என் மீது வழக்குப் போட்டிருக்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியே வக்கீல் வைத்து ஃபீஸும் கொடுக்கிறது. அவர் எனக்கு வக்கீலா, கம்பெனிக்கா?

வக்காலத்தில், அதாவது வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில், கையெழுத்துப் போட்டது யார் என்று பாருங்கள். நீங்கள் என்றால் அவர் உங்கள் வக்கீல்தான். ஃபீஸ் எங்கிருந்து வந்தாலும் சரி. கட்சிக்காரரோ அவரிடம் அதிகாரம் பெற்றவரோ அல்லாத எவர் சொற்படியும் வக்கீல் நடக்கக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 19-ஆவது நடத்தை விதி. அமெரிக்காவின் மாதிரி நடத்தை விதிகளும் மூன்றாமவர் ஃபீஸ் கொடுப்பதை அனுமதித்துவிட்டு மூன்று நிபந்தனைகள் வைக்கின்றன: கட்சிக்காரர் விவரம் தெரிந்து சம்மதிக்க வேண்டும், பணம் தருபவர் தலையிடக் கூடாது, ரகசியம் காக்கப்பட வேண்டும்.

ஆனால் அந்த வக்கீலுக்கு ஆண்டு முழுக்க கேஸ் தருவது கம்பெனி. நீங்கள் ஒரு வழக்கோடு போய்விடுவீர்கள். நேர்மையானவரையும் இது அவரையறியாமல் ஒரு பக்கம் சாய்க்கும். அதனால் கேட்க வேண்டியதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அன்று ஊசி போட்டது நானல்ல, பயிற்சி இல்லாத உதவியாளர். இதை அந்த வக்கீலிடம் சொன்னால் பாலிசி போய்விடுமா?

சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “பாலிசியைப் பாதிக்கும் விஷயம் ஏதாவது நான் சொன்னால், அது கம்பெனிக்குப் போகுமா?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். சில நாடுகளில் கம்பெனியும் அவருக்குக் கட்சிக்காரர்தான்; உங்கள் இருவருக்கிடையே ரகசியம் நிற்காமல் போகலாம். ஆகவே பாலிசி தொடர்பான ஆலோசனையை மட்டும் முதலில் உங்கள் செலவில் வேறொரு வக்கீலிடம் பெறுங்கள். அதற்காகக் கம்பெனிக்குப் பொய்யான விவரம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உதவியாளர் செய்த தவறைவிட அந்தப் பொய்தான் பாலிசியை முதலில் சாய்க்கும்.

“வழக்கை நடத்துகிறோம்; ஆனால் நஷ்டஈடு தர மறுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு” என்று கடிதம் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம். ஆனால் அதே வாரம் பதில் எழுதுங்கள். மனுதாரர் ‘வேண்டுமென்றே செய்தார்’ என்றும் ‘கவனக்குறைவாகச் செய்தார்’ என்றும் இரண்டையும் சொல்லியிருந்தால், முதலாவது நிரூபணமானால் கம்பெனி தப்பிக்கும், இரண்டாவது நிரூபணமானால் நீங்கள் தப்பிப்பீர்கள். எந்தச் சாட்சியை அழுத்திக் கேட்பது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பவர் ஒரே வக்கீல். கலிஃபோர்னியாவில் 1984-இல் க்யூமிஸ் இன்சூரன்ஸ் சொசைட்டி வழக்கில், இப்படிப்பட்ட முரண் இருந்தால் பாலிசிதாரர் தனக்கென்று தனி வக்கீல் வைத்துக்கொள்ளலாம், செலவு கம்பெனியுடையது என்று தீர்ப்பானது. 1987-இல் அது சட்டமாகவே ஆனது. இத்தகைய கடிதம் வந்தாலே முரண் என்று அர்த்தமில்லை. வழக்கை நடத்தும் விதம் பாலிசிப் பிரச்சினையின் முடிவை மாற்றுமா என்பதே உரைகல். உங்கள் ஊரில் அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் இதே காரணத்தை எழுதி, தனி வக்கீல் கேளுங்கள்.

எதிர்த்தரப்பு பாலிசி வரம்புக்குள் சமாதானத்துக்கு வருகிறது. கம்பெனி “கோர்ட்டில் பார்த்துக்கொள்வோம்” என்கிறது.

எனக்கு அதிகம் கோபம் வரும் இடம் இது. கலிஃபோர்னியாவில் ஒரு மூதாட்டிக்குச் சொந்தமான குடியிருப்பில் படிக்கட்டுப் பலகை பெயர்ந்து, குடியிருந்த பெண் 15 அடி உயரத்தில் தொங்கினார். பாலிசி வரம்பு 10,000 டாலர். எதிர்த்தரப்பு 9,000-க்கு இறங்கி வந்தது. அதில் 2,500-ஐத் தன் கையிலிருந்து தருகிறேன் என்றார் மூதாட்டி. கம்பெனி மறுத்தது. தீர்ப்பு 1,01,000 டாலர். கம்பெனி தன் பத்தாயிரத்தைக் கட்டிவிட்டு ஒதுங்க, அவர் சொத்தை இழந்து, தன் வீட்டு வாடகையைப் பேரப்பிள்ளைகள் கட்டும் நிலைக்கு வந்தார். 1967-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் மீதித் தொகையையும் மன உளைச்சலுக்கு 25,000 டாலரையும் கம்பெனியே தர வேண்டும் என்றது.

சமாதானம் வேண்டும் என்று கம்பெனிக்கும் வக்கீலுக்கும் உடனே எழுதுங்கள். வரம்பு எவ்வளவு, எதிர்த்தரப்பு கேட்பது எவ்வளவு, மிஞ்சினால் யார் தலையில் விழும் என்று தேதியோடு குறிப்பிடுங்கள். வந்த ஒவ்வொரு சமாதானப் பேச்சையும் உங்களிடம் சொல்வது வக்கீலின் கடமை.

ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் சேர்த்து ஒரே வக்கீல் போதுமா?

இருவர் தரப்பும் ஒன்றாக இருக்கும்வரை போதும். ‘ஆள் பற்றாக்குறை’ என்று நீங்களும் ‘டாக்டரின் முடிவு’ என்று அவர்களும் சொல்ல ஆரம்பித்தால் அன்றே பிரியுங்கள்.

என் லாரி விபத்து வழக்கில் இன்சூரன்ஸ் வக்கீல் ஆஜராகிறார். நானும் போக வேண்டுமா?

கட்டாயம் போங்கள். இந்தியாவின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் கம்பெனி தனி எதிர்மனுதாரர். அந்த வக்கீலின் வக்காலத்து பெரும்பாலும் கம்பெனிக்கு மட்டும்தான். அவர் பார்த்துக்கொள்வார் என்று உரிமையாளர் வராமலிருக்க, அவர் தரப்பைக் கேட்காமலே வழக்கு ஒருதலைப்பட்சமாகிவிட, அதே வக்கீல் எழுந்து “டிரைவருக்குச் செல்லத்தக்க லைசென்ஸ் இல்லை” என்று வாதிடுவார். பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கலாம் என்று உத்தரவு வரும். லைசென்ஸ் கோளாறு மட்டும் போதாது, உரிமையாளர் உரிய கவனம் எடுக்கவில்லை என்பதையும் கம்பெனி நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்ல உங்கள் தரப்பில் ஆள் வேண்டுமே! வேலைக்குச் சேர்த்தபோது வாங்கி வைத்த லைசென்ஸ் நகலோடு உங்கள் வக்கீலைப் பார்த்து, எதிருரை (உங்கள் தரப்புப் பதில் மனு) தாக்கல் செய்யுங்கள்.