சனிக்கிழமை மருந்து

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

உங்கள் மகளுக்குச் சிறு வயதில் வந்த மூட்டுநோயைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததைப் படித்த துணிவில் இதை எழுதுகிறேன். என் மகளுக்கு ஆறு வயது. ஐந்தாம் வயதில் வலது முழங்கால் வீங்கியது. பிறகு இடது கணுக்கால். நான்கு மாத அலைச்சலுக்குப் பின் மதுரையில் ஒரு மருத்துவர் இது சிறார் மூட்டழற்சி என்றார். இரத்தப் பரிசோதனையில் ஏ.என்.ஏ. (தன் உடலையே குறிவைக்கும் ஒருவகை எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. மூட்டுக்குள் ஊசி போட்டும் வீக்கம் திரும்பியதால், மூன்று மாதங்களாக வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மாலையில், மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுக்கிறோம். இணையத்தில் தேடினால் அது புற்றுநோய் மருந்து என்று வருகிறது. "பச்சைப் பிள்ளைக்கு எங்கேயாவது வாதம் வருமா, விஷத்தைக் கொடுத்துக் கெடுக்கிறீர்கள்" என்கிறார் என் மாமியார். நாட்டு வைத்தியரிடம் போகச் சொல்கிறார். மாத்திரையைப் பொடித்து மாம்பழச் சாற்றில் கலந்து கொடுத்து வந்தேன். இப்போது மாம்பழத்தைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டுகிறது. வெள்ளிக்கிழமையே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். என் கணவர் நல்லவர்தான். ஆனால் சனிக்கிழமை மாலை மட்டும் வீட்டில் இருப்பதில்லை. போன வாரம் அவள், "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். நான் செய்வது சரிதானா, ஐயா?

ஒரு தாய்,
திண்டுக்கல் மாவட்டம்

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்வது சரி. கொடுக்கும் விதத்தில் மட்டும் சிலவற்றை மாற்ற வேண்டும். நான் மருத்துவன் அல்லன். இந்த நோயோடு பதினாறு ஆண்டுகள் வளர்ந்த ஒரு பெண்ணின் தகப்பன். ஆகவே நான் எழுதுவதில் மருந்து தொடர்பான எதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

உங்கள் மாமியாரின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். மருத்துவ உலகிலேயே நெடுங்காலம் இதைப் பெரியவர்களின் நோய் என்றுதான் பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் என்ற மருத்துவர் 22 குழந்தைகளைக் கவனித்து, பெரியவர்களுக்கு வரும் முடக்குவாதத்திலிருந்து இது பல வகையில் வேறுபட்டது என்று 1897இல் எழுதியது அந்த எண்ணத்தை அசைத்தது. இன்று, 16 வயது நிறைவதற்குள் தொடங்கி, குறைந்தது ஆறு வாரங்கள் நீடித்து, வேறு காரணம் எதுவும் கண்டறியப்படாத மூட்டழற்சிக்குச் சிறார் மூட்டழற்சி என்ற பெயரைக் கொடுக்கிறார்கள். "வேறு காரணம் எதுவும்" என்பதில் நம் நாட்டில் வேலை அதிகம். காசநோய், ருமாட்டிக் காய்ச்சல், சிக்குன்குனியா, ஏன், இரத்தப் புற்றுநோய்கூட மூட்டுவலியாகத் தலைகாட்டக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே மருத்துவர் முடிவுக்கு வர முடியும். உங்கள் நான்கு மாத அலைச்சலில் ஒரு பகுதியேனும் வீண்போகவில்லை.

எங்கள் அலைச்சல் எட்டு மாதம். மூன்று வயதுக் குழந்தை காலையில் கட்டிலிலிருந்து இறங்க மறுப்பாள். கழிப்பறையில் குந்தி உட்கார முடியாமல் அழுவாள். பத்து மணிக்கு மேல் தெருவில் ஓடுவாள். முதலில் பார்த்த மருத்துவர் இது வளர்ச்சி வலி என்றார். காலையில் விறைத்துப்போய், நடமாட நடமாட இளகுவதுதான் இந்த நோயின் அடையாளம் என்பதும், வளர்ச்சி வலி பெரும்பாலும் இரவில் வந்து காலையில் சுவடின்றிப் போய்விடும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. பிறகு உறவினர் சொல்லைக் கேட்டு ஓர் எலும்பு வைத்தியரிடம் போனோம். அவர் வீங்கியிருந்த முழங்காலை எண்ணெய் தடவி இழுத்து நீவினார். அவள் அலறியது இன்றும் என் காதில் இருக்கிறது. அழற்சியுள்ள மூட்டுக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் அங்கிருக்கும் எலும்பு விரைந்து வளரும். அந்த எட்டு மாதத்தில் தொடங்கிய வேறுபாட்டில் அவளுடைய இடது கால் வலது காலைவிட ஒன்றரை சென்டிமீட்டர் நீளமாகிவிட்டது. பின்னர் அது குறைந்தது, முற்றிலும் மறையவில்லை. மருந்தின் தீமையைப் பற்றி என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது மருந்தில்லாத அந்த எட்டு மாதத்தைத்தான்.

மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய் மருந்து என்பது உண்மை. ஆனால் சில புற்றுநோய்களுக்கு அதை ஒரே முறையில் கிராம் கணக்கில் செலுத்துகிறார்கள். உங்கள் மகள் வாரத்துக்கு எடுப்பது சில மில்லிகிராம். உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற அளவில் அதை எழுதுவார்கள். அந்த அளவில் அது செய்வது வேறு வேலை: மூட்டைத் தாக்கிக்கொண்டிருக்கும் நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்குவது. அமெரிக்காவிலும் அன்றைய சோவியத் ஒன்றியத்திலும் இந்நோயுள்ள குழந்தைகளிடையே மருந்தும் வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 1992இல் வெளிவந்தது. வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராம் பெற்ற குழந்தைகளின் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. அதன் முழுப் பயன் தெரிய இரண்டு மூன்று மாதங்களாவது ஆகும் என்பதால், நீங்கள் இப்போதுதான் பயன் தெரியத் தொடங்கும் இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் நிறுத்திவிட்டால் அவள் இதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகும்.

இந்த மருந்தின் பின்னால் இருக்கும் ஒரு மனிதரை உங்கள் மாமியாருக்குச் சொல்லுங்கள். எல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமாவரத்தில் பிறந்தவர். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்கு இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர். பின்னாளில் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு அந்த நோய்க்கு உதவும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதே குழுதான் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. மெத்தோட்ரெக்சேட் அந்த வரிசையில் வந்தது. சனிக்கிழமை உங்கள் மகள் விழுங்கும் மாத்திரையும், அதன் தொல்லையைக் குறைப்பதற்காக வேறு நாளில் வழக்கமாகக் கொடுக்கச் சொல்லும் ஃபோலிக் அமில மாத்திரையும் ஒரே ஆய்வகத்தின் பிள்ளைகள். அந்த இரண்டாவது மாத்திரையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. மருத்துவர் எழுதியிருக்கிறாரா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் தவறவே கூடாது: வாரத்தில் ஒரு நாள். இதைத் தவறுதலாகத் தினந்தோறும் கொடுத்து உயிருக்கு ஆபத்து நேர்ந்த நிகழ்வுகள் உண்டு. நீங்கள் ஊருக்குப் போகும் வாரத்தில் பாட்டி கொடுக்கும்படி நேர்ந்தால், நாள்காட்டியில் சனிக்கிழமைக் கட்டத்தில் வட்டமிட்டுக் காட்டிவிட்டுப் போங்கள். கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் உரிய பரிசோதனைகளை மருத்துவர் சொன்ன தேதியில் தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

இனி மாம்பழச் சாறு. மாத்திரையைப் பொடிக்காதீர்கள். அதன் தூள் கையிலும் காற்றிலும் படக்கூடாத ஒன்று. வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அவர் அதன் அருகிலேயே வரக்கூடாது. விழுங்க முடியவில்லை என்றால் தோலடி ஊசியாகவும் இதே மருந்து உண்டு. இரவு உறங்கப்போகும் முன் கொடுத்தால் குமட்டலைத் தூக்கத்திலேயே கடக்கும் குழந்தைகள் உண்டு. குமட்டலுக்கு முன்கூட்டியே கொடுக்கும் மருந்தும் உண்டு. மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ளிக்கிழமையே அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்வது நடிப்பன்று. இந்த மருந்தை எடுக்கும் பல குழந்தைகளுக்கு, அது வயிற்றுக்குள் போகும் முன்பே, அதன் மஞ்சள் நிறத்தைக் கண்டதுமே வாந்தி வரும். என் மகள் மஞ்சள் நிறப் பாவாடையைக்கூட இரண்டாண்டுகள் உடுத்த மறுத்தாள்.

தூளைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அந்தச் சாற்றில் இருக்கிறது. அவளுக்குப் பிடித்த ஒன்றுக்குள் அவளுக்குப் பிடிக்காத ஒன்றை ஒளித்துவைத்தீர்கள், அவள் கண்டுபிடித்துவிட்டாள், இப்போது நீங்கள் கொடுக்கும் எதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை; நாங்களும் தேனில் ஒளித்தோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு உண்மையைத் தாங்கும் வலு இருக்கிறது. "இன்று மருந்து நாள், வயிறு புரட்டும், நாளை மதியத்துக்குள் சரியாகிவிடும், நான் பக்கத்திலேயே இருப்பேன்" என்று சொல்லுங்கள். வலிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

"என்ன தப்பு செஞ்சேன்" என்ற கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும். இன்று சொன்னாலும் தாமதமில்லை. எந்தத் தவறும் இல்லை. அவளுடையதும் இல்லை, நீங்கள் கருவுற்றிருந்தபோது சாப்பிட்டதிலும் இல்லை, ஐஸ்கிரீமிலும் பச்சைத் தண்ணீர்க் குளியலிலும் இல்லை. நான் என் மகளுக்குச் சொன்னது இது: நம் வீட்டைக் காக்கும் நாய் நல்ல நாய்தான், ஆனால் ஒருநாள் இருட்டில் வீட்டு ஆளையே திருடன் என்று நினைத்துக் கடித்துவிட்டது, இந்த மாத்திரை அந்த நாயைத் தட்டிக்கொடுத்துப் படுக்கவைக்கிறது. அவள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "நாயை அடிக்கலையே?" என்று கேட்டாள். அடிக்கவில்லை என்றேன்.

உங்கள் கடிதத்தில் இல்லாத, எனக்குக் கவலை தந்த ஒன்று அவளுடைய கண்கள். ஏ.என்.ஏ. பாசிட்டிவாக உள்ள, சிறு வயதில் நோய் தொடங்கிய, சில மூட்டுகளில் மட்டும் வீக்கமுள்ள குழந்தைகளுக்குக் கண்ணின் உள்ளே அழற்சி வரும் வாய்ப்பு அதிகம். கண் சிவக்காது, வலிக்காது, நீர் வடியாது. குழந்தை எதுவும் சொல்லாது. கவனிக்காமல் விட்டால் பார்வை போகும். ஸ்லிட் லாம்ப் என்ற கருவியால் கண் மருத்துவர் பார்த்தால் மட்டுமே தெரியும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் செய்யச் சொல்கிறார்கள். என் மகளுக்கு இரண்டாவது பரிசோதனையில் கண்டுபிடித்துச் சொட்டு மருந்தில் காப்பாற்றினார்கள். இதுவரை செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அம்மை போட்டால் மருந்தை நிறுத்தி வேப்பிலை வைத்து, மருத்துவரிடம் போகாமல் இருப்பது நம் வீடுகளின் வழக்கம். இந்த மருந்தை எடுக்கும் குழந்தைக்கு அம்மை கடுமையாகலாம். கொப்புளத்தைக் கண்ட அன்றே, வீட்டில் வேறொருவருக்கு வந்தாலும்கூட, மருத்துவரிடம் சொல்லுங்கள்; வேப்பிலையும் இருக்கட்டும். தடுப்பூசி போடும் முன்பும் அவரைக் கேளுங்கள், ஏனெனில் உயிருள்ள கிருமிகளால் ஆன சில தடுப்பூசிகள் இப்போது அவளுக்கு ஒத்துவராமல் போகலாம். நாட்டு வைத்தியத்தைப் பொறுத்தவரை, பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலச் சூரணத்தை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. வாயு என்று சொல்லித் தயிரையும் பருப்பையும் நிறுத்தினால் எலும்பு வளரும் வயதில் வேறு குறை வந்து சேரும். மாமியாருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: காலையில் எழுந்ததும் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, பிஸியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த பயிற்சியை அவர் செய்விக்கட்டும். அந்த வெந்நீர் விறைப்பை எவ்வளவு இளக்குகிறது என்பதை அவரே கண்ணால் பார்ப்பார். வகுப்பு ஆசிரியையிடமும், காலையில் நொண்டுகிறவள் மதியம் ஓடுவது பொய்யன்று என்று நேரில் போய்ச் சொல்லுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் போதாமல் போனால் அடுத்த படியாக, உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிக்கும் உயிரியல் மருந்துகள் இருக்கின்றன. என் மகளுக்கு அது தேவைப்பட்டது. 2014 டிசம்பரில் அடலிமுமாப் என்ற மருந்தின் இந்தியத் தயாரிப்பை அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் கொண்டுவந்த பிறகுதான் எங்களால் அதை எண்ணிப்பார்க்கவே முடிந்தது. அதைத் தொடங்கும் முன், உள்ளே உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் கவலையை இப்போதே சுமக்க வேண்டாம்.

உங்கள் கணவரைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. எங்கள் வீட்டில் ஊசி தொடங்கியபோது அதற்கு ஞாயிற்றுக்கிழமை இரவு என்று வைத்திருந்தோம். ஏழு மணி ஆனதும் எனக்கு வெளியே ஏதேனும் வேலை வந்துவிடும். பேருந்து நிலையத்துக்குப் போய், ஊருக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்புவேன். என் மனைவி ஒரு கையால் பிள்ளையைப் பிடித்து மறு கையால் ஊசி போட்டு, வாந்தியைத் துடைத்து, விளக்கை அணைத்திருப்பாள். ஏறத்தாழ ஓராண்டு இப்படி. ஒருநாள் மகள் தன் அம்மாவிடம், "அப்பாவுக்கு என்னைப் பிடிக்காத நாள் ஞாயிற்றுக்கிழமை" என்று சொல்லியிருக்கிறாள். மனைவி அதை என்னிடம் கோபமின்றித்தான் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஊசி போடுவது என் வேலையாயிற்று.

இந்தப் பதிலை உங்கள் கணவருக்குக் காட்டுங்கள். அவர் எனக்கு எழுதட்டும். உங்களிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல்வது அவருக்கு எளிதாக இருக்கலாம். இன்று புதன்கிழமை.

அன்புடன்.